சந்தைக்குக் குரல் கொடுத்தவர்

ரம்ணிக்லால் இடது கைக் கட்டைவிரலால் தாராபென்னின் கீழிமையை இழுத்துப் பிடித்தார். வலது கையிலிருந்த சின்னப் புட்டியைக் கவிழ்த்து ஒரே ஒரு சொட்டு விட்டார். புட்டியின் முனை இமையில் படவில்லை. பட்டால் புட்டியையே தூக்கி எறிய வேண்டியதுதான். பிறகு மூக்கை ஒட்டிய கண் மூலையைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கி வாயெல்லாம் கசக்கும்.

"உனக்குக் கை நடுங்கறதே இல்ல," என்றார் தாராபென், கண்ணை மூடியபடி. "எழுபத்தொம்பது வயசுல கை நடுங்காத ஆளுங்க ரெண்டு பேரைத்தான் நான் வார்டுல பாத்திருக்கேன். ஒருத்தன் தையல்காரன். இன்னொருத்தன் ஆயுசு பூரா பொய்ச்சாட்சி சொன்னவன்."

"நான் நடிகன், தாராபென்."

"அப்ப ரெண்டாவது கட்சிதான்."

தாராபென்னுக்கு எண்பத்து மூன்று வயது. நாற்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவர். அதில் முதல் பாதி பிரசவ வார்டு. கண்ணில் நீரழுத்தம் வந்து பார்வை முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு மருந்து. இரண்டு வருடமாகக் காலை எட்டு மணிக்கு ரம்ணிக் வந்து விட்டுவிட்டுப் போகிறார். முதல் மருந்துக்கும் இரண்டாவது மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைப்பார். லெஸ்டரில் உள்ள குஜராத்தி வீடுகளில் எல்லாம், "சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்யமாட்டான்" என்று ரம்ணிக்கைப் புகழ்வார்கள். புகழும்போது அவர் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்வார்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு விழாவாமே," என்றார் தாராபென். "கிரீட் போன் பண்ணான். நானும் வரேன்."

"நீங்க எதுக்கு சிரமப்பட்டுக்கிட்டு? முட்டி வேற வலிக்குது. படம் பாக்கவும்..."

"கண்ணுதானே போச்சு? காது இருக்கில்ல. காதால பாத்துக்கறேன். ஏதோ பாலைவனப் படமாம், நீ பழக்கடை வெச்சிருப்பியாம். நான்தான் அதைப் பாத்ததே இல்லையே."

ரம்ணிக் இரண்டாவது மருந்தை எடுத்தார். இமையை இழுத்தார், சொட்டு விட்டார், அழுத்தினார். அதே கண்ணில் மறுபடியும் விட எடுத்தபோது தாராபென் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், அது வலது கண்ணு. இப்பதான் விட்டே. எங்க போச்சு புத்தி?"

இரண்டு வருடத்தில் முதல் தவறு அது.

அந்தப் படத்தில் எட்டு விநாடி வரும் ஒரு வாக்கியத்தை தாராபென் கேட்கக் கூடாது. ரம்ணிக்கின் கவலை அவ்வளவுதான். முப்பத்து நாலு வருடமாக அவருக்கு வேறு பெரிய கவலை இருந்ததும் இல்லை.

ரம்ணிக்லால் தக்கரார் பிறந்தது கென்யாவில், கிசுமுவில், ஏரிக்கரை அருகே. கணக்குப் படிக்க என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் இங்கிலாந்துக்கு வந்தார். லெஸ்டரில் மாமா வீடு இருந்தது. கணக்கில் இரண்டு முறை தோற்றார். பஸ் கண்டக்டர் ஆனார். ஒருநாள் பஸ்ஸில் ஏறிய ஒருவர் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, தொலைக்காட்சி நாடகத்தில் மந்திரவாதியாக நடிக்க வருவாயா என்று கேட்டார். "டிக்கெட் எடுத்தீங்களா?" என்று ரம்ணிக் திருப்பிக் கேட்டார். தொழில் அப்படித்தான் தொடங்கியது.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் என்னென்னவோ ஆனார். தலைப்பாகை வைத்தால் ஒரு நாடு, எடுத்தால் இன்னொரு நாடு. எகிப்தியர், துருக்கியர், பாரசீகர், ஒருமுறை மெக்சிகோக்காரர். இரண்டு வரி பேசும் டாக்டராக ஒன்பது முறை வந்தார். விஷம் வைக்கும் சமையல்காரராக நான்கு முறை. செத்தது மட்டும் பதினேழு முறை. படப்பிடிப்புக்குக் கிளம்பும்போது மனைவி கோகிலா அடுப்படியிலிருந்து கேட்பார்: "இன்னிக்கு எத்தனை மணிக்குச் சாவு? ரொட்டி போடணுமே."

"மூணு மணிக்குள்ள கொன்னுடுவாங்க."

"அப்ப ரொட்டி ஆறிடாது."

இடைப்பட்ட மாதங்களில் காலுறை ஆலையில் பெட்டி கட்டினார். ஆலையில் சிரித்தார்கள், தெருவில் சிரித்தார்கள், ஆனால் அவர் முகம் டிவியில் தெரிந்தால் நாலு வீட்டுக் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடிவரும். அவருக்கு அது போதும்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத வேலை.

படம் எடுத்து முடித்த பிறகு லண்டனில் ஓர் ஒலிக்கூடத்தில் ஐந்தாறு ஆட்களை உட்கார வைப்பார்கள். குஜராத்தி ஒருவர், பஞ்சாபி ஒருவர், வங்காளி ஒருவர், சிங்களவர் ஒருவர் என்று கலந்திருக்கும். திரையில் ஒரு சந்தை ஓடும். "உங்க பாஷையில ஏதாவது பேசுங்க" என்பார்கள். அவர்களுக்கு அது சந்தைச் சத்தம். என்ன பேசுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. ரம்ணிக் உருளைக்கிழங்கு விலை சொல்வார், பதினாறாம் வாய்ப்பாடு சொல்வார், ஆரத்திப் பாட்டைக் கோபமாகச் சொல்வார். பஞ்சாபிக்காரர் குர்பச்சன் தன் மைத்துனனைப் பெயர் சொல்லித் திட்டித் தீர்ப்பார். வெளியே வந்து எல்லோரும் டீ குடித்துச் சிரிப்பார்கள். தொழிலில் எல்லோரும் செய்தது இது. யார் கேட்கப் போகிறார்கள்?

எண்பத்து மூன்றில் அந்தப் பாலைவனப் படம் வந்தது. அதில் ரம்ணிக் பழக்கடைக்காரர். கதாநாயகனின் குதிரை கடையை இடித்துத் தள்ளும், மாதுளம்பழங்களோடு இவர் உருள்வார். அடுத்த காட்சியில் கதாநாயகன் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அந்தப் பக்கம் இரண்டு வியாபாரிகள் காதோடு காது வைத்து ரகசியம் பேசுவார்கள். வாயசைத்தது வேறு யாரோ. குரல் கொடுக்க ரம்ணிக்கையும் குர்பச்சனையும் உட்கார வைத்தார்கள்.

ஒலிப்பதிவுக்காரர் பத்து முறை எடுத்தார். பத்து முறையும் இல்லை என்று தலையாட்டினார். "ரகசியம் மாதிரி இல்லையே, விலை சொல்ற மாதிரி இருக்கு. உயிர் இல்லை."

உண்மையில் அவர் விலைதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உயிர் இல்லை என்று நடிகனிடம் சொன்னால் அவனுக்குச் சோறு இறங்காது. ரம்ணிக் கண்ணை மூடினார். தனக்கு நிஜமாகவே தெரிந்த ரகசியம் என்ன என்று தேடினார். ஒன்றுதான் இருந்தது. பதினோராவது முறை குர்பச்சனின் காதருகே குனிந்து, மூச்சைப் பாதி அடக்கிச் சொன்னார்: "பாலத்தடி காஞ்சன் இருக்காளே, அந்தப் பொண்ணு ஊர்மி அவ பெத்ததில்ல. தங்கச்சி சரோஜ் பெத்தது. கொடி ஒரு வீட்டு வேலியில, காய் இன்னொரு வீட்டுக் கூரையில."

குஜராத்தி புரியாத குர்பச்சனே அடடா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும் என்றால், ரம்ணிக் அன்று ரயிலில் சந்தோஷமாகத்தான் திரும்பினார். இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ரகசியம் அவருக்குத் தெரிந்தது அவரிடம் கார் இருந்ததால். அறுபத்து நாலில் எங்கள் ஆட்களில் இரண்டு பேரிடம்தான் கார். காஞ்சனின் தங்கை சரோஜ், கல்யாணம் ஆகாதவள், கென்யாவிலிருந்து நிறைமாதமாக வந்து இறங்கியிருந்தாள். ஆறு மாதமாகக் காஞ்சன் பெரிய கோட்டைக் கழற்றவே இல்லை. குளிர் நாடு, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வலி எடுத்த அன்று தாராபென்னை அழைத்துக்கொண்டு போனது ரம்ணிக். கோர்ட்டில் தத்துப் பத்திரம் எல்லாம் முறையாக நடந்தது. ஊருக்கு மட்டும் குழந்தை காஞ்சனுடையது. சரோஜ் பிறகு கனடாவில் வாழ்க்கைப்பட்டாள். தெரிந்தவர்கள் ஐந்து பேர்: காஞ்சன், அவள் கணவர், சரோஜ், தாராபென், வண்டியில் உட்கார்ந்தபடியே வாசலில் சரோஜின் வயிற்றைப் பார்த்துவிட்ட ரம்ணிக்.

எண்பத்தைந்தில் ஊர்மிக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஜம்னாபென் எழுந்து நின்றார்.

"இந்தப் பொண்ணு காஞ்சன் பெத்தது இல்லையாமே? கொடி ஒரு வீட்டு வேலியில, காய் இன்னொரு வீட்டுக் கூரையில?"

ரம்ணிக் கையில் சிவ்டா மிக்சர் தட்டு இருந்தது. வாயில் போட்டதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அந்த உவமையை ஊரில் யாரும் சொல்வதில்லை. அது ஒலிக்கூடத்தில் அவர் வாயில் அந்த நேரத்துக்கு வந்தது. ஜம்னாபென் வீட்டில் புதிதாக வீடியோ வாங்கியிருந்தார்கள்.

"யார் சொன்னா உனக்கு?" என்று காஞ்சன் கத்தினாள்.

"யார் சொன்னா என்ன? என் காதால கேட்டேன். மூணு தடவை கேட்டேன்."

சினிமாவில் கேட்டேன் என்று சொன்னால் சபை சிரிக்கும். அதனால் ஜம்னாபென் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. காஞ்சன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ரம்ணிக்கைத் தாண்டி அவள் கண் போனது. அவர் ஆம்பளை, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவர், அவருக்கு என்ன தெரியும்? தாராபென் மேல் கண் நின்றது. ஜம்னாபென் தாராபென் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே தரை துடைக்கிறவர். கேட்கவே வேண்டாம்.

"தொப்புள்கொடி அறுத்த கையாலயே என் பொண்ணு கழுத்தையும் அறுத்துட்டியே, தாரா."

தாராபென் மறுக்கவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுக்காததே ஊருக்குச் சாட்சி ஆயிற்று.

சம்பந்தம் முறிந்தது. ஊர்மி இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு நாட்டிங்ஹாமில் மருந்துக்கடை வைத்தாள். நன்றாகவே இருக்கிறாள். தாராபென்னைத்தான் யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. வார்டிலேயே எங்கள் பெண்கள், "வேற நர்ஸ் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் முதியோர் வார்டுக்கு மாற்றிக்கொண்டு போனார். நவராத்திரிக்கு வருவார், ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவார், போய்விடுவார். காஞ்சன் சாகும்வரை அவரோடு பேசவில்லை. ஊர்மி இன்றுவரை பேசவில்லை.

ரம்ணிக் அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். தாராபென்னே மறுக்கவில்லையே, அப்படியென்றால் அவரும் எங்கேயாவது சொல்லியிருப்பார் போலிருக்கிறது என்று ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்தார். அதை முப்பத்து நாலு வருடம் ஓட்டினார். கோகிலாவிடம்கூடச் சொல்லவில்லை. கோகிலா போன பிறகு, தாராபென்னுக்குக் கண் மங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, கேட்காமலே போய்ச் சொட்டு மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டார். குற்றம் செய்தவன் பணிவிடையை நன்றாகத்தான் செய்வான். நேரம் தவறமாட்டான். அதனால் நோயாளிக்கு அவன் செய்த தீங்கு குறைந்துவிடாது.

வியாழக்கிழமை ரம்ணிக் மண்டபத்துக்குப் போனார். விழாக் கமிட்டிச் செயலாளர் கிரீட் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஜெய் ஸ்ரீகிருஷ்ணா, கிரீட்பாய். அந்தப் படம் வேண்டாமே. வேற போடலாமே."

"எதைப் போடறது, ரம்ணிக்பாய்? மத்த படத்துல எல்லாம் நீங்க அரை நிமிஷத்துல செத்துப்போறீங்க. பிணத்துக்கு எப்படி விழா எடுக்கறது? இதுலதான் விழுந்து எழுந்திருக்கறீங்க."

"சத்தம் வேணா குறைச்சு..."

"சத்தம் குறைக்கவா? புது ஸ்பீக்கர் வாங்கியிருக்கோம்! ஊசி விழுந்தா கேக்கும். இருநூறு பேர் வராங்க. தேப்லா ரொட்டிக்குச் சொல்லியாச்சு." கிரீட் அவர் தோளில் தட்டினார். "கூச்சப்படாதீங்க. பெரிய நடிகனுங்க எல்லாம் இப்படித்தான்."

இருநூறு பேர், அத்தனை பேரும் குஜராத்திகள். புது ஸ்பீக்கர். ரம்ணிக் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். தன் முகம் தெரிவதிலிருந்து அந்த வாக்கியம் முடியும்வரை எண்ணினார். இருபத்தாறு விநாடி.

ஞாயிறு மதியம் மண்டபம் நிரம்பியிருந்தது. ஜூன் மாத வெயில். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டியிருந்தார்கள். தாராபென் நான்கு கால் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து முதல் வரிசையில், ரம்ணிக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ரம்ணிக்குக்கு மாலை போட்டார்கள். கிரீட் பேசினார், அவருடைய மாமா பேசினார். பிறகு விளக்கை அணைத்தார்கள்.

சந்தை வந்தது. பழக்கடை வந்தது. நாற்பத்து மூன்று வயது ரம்ணிக்கின் முகம் திரை முழுவதும் தெரிந்தது.

எழுபத்தொன்பது வயது ரம்ணிக் துள்ளி எழுந்தார். திரைக்கு முன்னால் போய் நின்றார். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். கூட்டம் "ஓ" என்றது, கை தட்டியது. அவர் விடவில்லை. திரையில் குதிரை இடித்ததும் இங்கே அவரும் தள்ளாடினார், மாதுளம்பழங்களைப் பிடிக்க அங்குமிங்கும் ஓடினார், முட்டி போட்டுப் பொறுக்கினார், ஒன்றை ஜம்னாபென்னின் மடியில் எறிவதுபோல் எறிந்தார். மண்டபம் குலுங்கியது. விசில் பறந்தது. பின்வரிசையில் நாற்காலியைத் தட்டினார்கள். அவர் தலைக்குப் பின்னால் இரண்டு வியாபாரிகள் காதோடு காது வைத்து ஏதோ சொன்னார்கள். அது ஒருவர் காதிலும் விழவில்லை.

இருபத்தேழாவது விநாடி அவர் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். தப்பித்தாயிற்று.

"என்ன கூத்து இது?" என்று தாராபென் சீறினார். "உன் படத்துக்கு நீயே ஆடறே? ஒரு வார்த்தை கேக்க விடலையே!"

"ஜனங்க ஆசைப்பட்டாங்க, தாராபென்."

"ஜனங்களுக்கு என்ன, குரங்கு ஆடினாலும் தட்டுவாங்க."

ஆறு மணிக்கு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வெயில் இன்னும் இருந்தது. வாசலில் நிறுத்தியபோது தாராபென் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினார். ரம்ணிக் லேசான மனதோடு இருந்தார். லேசான மனதில்தான் அறிவுரை வரும்.

"ஆறு வருஷமா டாக்டர் சொல்றார். முட்டியை மாத்திக்கிட்டாத்தான் என்ன? நீங்களே நர்ஸு. நீங்களே கத்திக்குப் பயப்படலாமா?"

"கத்திக்கு யாருடா பயந்தா?" தாராபென் கார்க் கதவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "மயக்க மருந்துக்குத்தான். தெளியறப்ப மனுஷன் என்னென்ன உளறுவான்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பது வருஷம் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். ஒரு பாதிரியார் கெட்ட வார்த்தையா கொட்டினார்."

"உளறினா என்ன இப்ப?"

"எண்பத்தஞ்சுல எனக்குப் பித்தப்பை எடுத்தாங்க. ஞாபகம் இருக்கா? நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாசம் முன்னால. கண்ணு முழிக்கறேன், கட்டில் பக்கத்துல ஜம்னா, கையில துடைப்பக்கட்டையோட என்னையே பாத்துக்கிட்டு நிக்கறா." தாராபென் நிறுத்தினார். "நான்தான், ரம்ணிக், உளறியிருக்கேன். வேற எப்படி அவளுக்குத் தெரியும்? அதான் அன்னிக்கு வாயைத் திறக்கல. திறந்து என்ன சொல்றது? இல்லன்னு சத்தியம் பண்ண முடியல என்னால. அதுக்கப்புறம் யார் வீட்டுலயும் ராத் தங்கினதில்ல. தூக்கத்துல வாய் திறந்துட்டா? பிரசவ வார்டை விட்டதும் அதுக்குத்தான். அவங்க போகச் சொல்லல. நானா போனேன்."

கார் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ரம்ணிக் சாவியைத் திருப்பி அணைத்தார்.

முப்பத்து நாலு வருடம் அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு, தாராபென் மறுக்கவில்லை என்பது. அது கையோடு முறிந்து வந்தது.

"நீங்க உளறல, தாராபென்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் சொன்னேன். படத்துல. இன்னிக்கு நான் ஆடினேனே, அந்த இடத்துல."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒலிக்கூடம், குர்பச்சன், பத்து முறை, பதினோராவது முறை, ஜம்னாபென் வீட்டு வீடியோ. தாராபென் பார்வை மங்கிய கண்ணால் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் வார்டில் விசாரிக்கும் குரலில் கேட்டார்.

"முதல் பத்து தடவை என்ன சொன்னே?"

"உருளைக்கிழங்கு விலை. வாய்ப்பாடு."

"அதுல ஒண்ணு போதாதா?"

"உயிர் இல்லன்னு சொன்னான்."

"உயிர் இல்லன்னானா." தாராபென் தலையை மெதுவாக ஆட்டினார். "உன் காட்சிக்கு உயிர் வேணும்னு என் வாயைத் தைச்சுட்டே. நான் என் நாக்கையே சந்தேகப்பட்டுக்கிட்டு ஒரு ஆயுசைக் கழிச்சிருக்கேன். நீ ரெண்டு தெரு தள்ளி டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கே. ரெண்டு வருஷமா என் கண்ணைத் திறந்து திறந்து பாக்கறே, ஒரு நாள்கூட உனக்குச் சொல்லத் தோணலையா?"

ரம்ணிக்கின் தோள்கள் குலுங்கின.

"அழாதே. அழுகை உனக்கு நல்லா வரும். டிவியில பாத்திருக்கேன்."

அவர் நிறுத்திக்கொண்டார். மூக்கைத் துடைத்தார். "நாளைக்கே மண்டபத்துல எல்லாரையும் கூட்டறேன். மேடையில ஏறி, எல்லார் முன்னாலயும்..."

"மேடையா? ஏறு. கண்ணீர் விடு. தட்டுவாங்க. என்ன பெரிய மனசுன்னு சொல்லி இன்னொரு மாலை போடுவாங்க. ஊர்மி பேரு இன்னொரு தடவை சந்திக்கு வரும். அதானே வேணும் உனக்கு?"

"அப்ப நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"ஊர்மிகிட்டச் சொல்லு. அவகிட்ட மட்டும். நான் பக்கத்துல இருக்கணும். காலைல எட்டு மணிக்கு வா. இப்பக் கதவைத் திற, முட்டி இழுக்குது."

அவர் இறங்கி வந்து கையை நீட்டினார். தாராபென் அந்தக் கையைத் தொடவில்லை. சட்டத்தைக் கேட்டு வாங்கி, அதை ஊன்றி எழுந்து, ஐந்து நிமிடம் பிடித்த எட்டடி தூரத்தைத் தானே நடந்து போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் போனபோது கதவு தாழிடாமல் இருந்தது. மருந்துப் புட்டிகள் வழக்கமான இடத்தில் இருந்தன. தாராபென் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாய் பேசாமல் முகத்தைக் காட்டினார். கோபம் கோபம்தான், மருந்து மருந்துதான். அவர் வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் ஒன்று விட்டார். அன்று கை நடுங்கியது. ஒரு சொட்டு கன்னத்தில் ஓடியது. தாராபென் துடைத்துக்கொண்டார். டீ வைக்கச் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து அடுத்த மருந்தையும் விட்டதும் தாராபென் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார். ஊர்மியின் மருந்துக்கடை எண் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. காகிதம் பழுப்பேறிப் போயிருந்தது.

மூன்று முறை மணி அடித்ததும் ஊர்மி எடுத்தாள்.

"ஊர்மி, ரம்ணிக் அங்கிள் பேசறேன்மா." குரல் தானாகக் கனத்தது, உடைந்தது, நடுவே ஓர் இடைவெளி விட்டது. "உன்கிட்ட ஒரு பெரிய பாரத்தை..."

தாராபென் சட்டத்தால் தரையைத் தட்டினார். "நடிக்காதே."

அவர் நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். அதுவும் ஏதோ டாக்டர் வேடத்துக் குரலாக வந்தது. தாராபென் மறுபடி தட்டினார். மூன்றாவது முறை அவருக்கு எந்தக் குரலும் கிடைக்கவில்லை. உருளைக்கிழங்கு விலை சொல்வதுபோல் சொன்னார்.

"எண்பத்தஞ்சுல உன் விஷயம் வெளிய வந்தது தாரா ஆன்ட்டியால இல்ல. என்னால. ஒரு சினிமாவுக்குக் குரல் குடுக்கறப்ப நான் சொன்னேன். ஜம்னாபென் அதுல கேட்டாங்க. தாரா ஆன்ட்டி யார்கிட்டயும் எதுவும் சொல்லல. உங்க அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

அந்தப் பக்கம் கடையின் கதவு மணி அடித்தது. யாரோ இருமினார்கள்.

"சினிமாவுலயா?" என்றாள் ஊர்மி.

"ஆமாம்மா."

கல்லாவின் இழுப்பறையை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "கடையில ஆள் நிக்கறாங்க அங்கிள். ஆன்ட்டி அங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். அப்பப் பண்றேன். அவங்ககிட்ட மட்டும் பேசறேன்." தொடர்பு அறுந்தது.

ரம்ணிக் அவள் சொன்னதை அப்படியே சொன்னார். தாராபென் தலையசைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு மணிக்கு நீ இங்க இருக்கவேண்டாம். அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. முட்டிக்கு எப்ப நாள் தருவாங்கன்னு கேளு."

அவர் எண்ணை அழுத்தினார். வரிசையில் பதினான்காவது ஆள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு, பாட்டுப் போட்டது. நின்றுகொண்டே காதில் வைத்திருந்தார். தாராபென் உட்காரச் சொல்லவில்லை. பதின்மூன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று.